சீவலுக்குப் போட்ட குழாய்

பினாங்கின் ஜோர்ஜ்டவுனுக்குத் தெற்கே, சுங்கை பினாங்கு ஆற்றைத் தாண்டியதும் தொடங்கும் ஜெலுத்தோங்குக்கு ஒரு மரம்தான் பெயர் கொடுத்தது. ஜெலுத்தோங் மரம் கிளைவிடாமல் நெடிதாக வளரும். பட்டையைக் கீறினால் பால் வடியும். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தப் பால் சூயிங்கம் செய்வதற்காகக் கப்பலேறியது. பலகையோ வெளிர்நிறம், எடை குறைவு, இழை நேராக ஓடும். வார்ப்படக்காரர்கள் அச்சுச் செதுக்கவும் பென்சில் ஆலைகள் கட்டை சீவவும் அதைத் தேடி வாங்கினார்கள். சீனர்கள் இந்த ஊர்ப்பெயரை ஒலிக்கு ஒலி எழுதியபோது 'சூரியன் மறையும் குகை' என்று ஒரு பொருள் தானாக ஒட்டிக்கொண்டது. கிழக்கே எதிர்க்கரையிலுள்ள பிறை ஊரைப் பார்த்து நிற்கும் கரையில் சூரியன் உதிப்பதைத்தான் காண முடியும் என்பதை யாரும் பொருட்படுத்தவில்லை. இந்தக் கடலோரம் ஒரு காலத்தில் மர அறுவை ஆலைகளும் படகுப் பட்டறைகளும் நெருங்கிக் கிடந்த இடம். கடலைத் தூர்த்து விரைவுச்சாலை போட்ட பிறகு அந்த முகம் மாறிவிட்டது. ஆனாலும் மரவேலைப் பட்டறை உள்ள எந்த ஊரிலும் கேட்கும் புலம்பல் ஒன்று உண்டு: தேய்ப்பு மெஷினின் தூசி உறிஞ்சும் குழாய் அடைத்துக்கொண்டது, பை உப்பி நிற்கிறது, மெஷின் வாயிலிருந்து மாவு போலத் தூசி கொட்டுகிறது. பையை நேரத்துக்கு உதறாத ஆளின் சோம்பல் என்று அதற்கு உடனே காரணமும் சொல்லப்படும். பட்டறையில் தூசி சேர்க்கும் வழக்கம் எங்கே, எதற்காகத் தொடங்கியது என்று பார்த்தால் இந்தக் காரணம் நிற்காது. அந்தக் குழாயும் பையும் சீவலுக்காகப் பிறந்தவை. தேய்ப்பு மாவு பின்னால் வந்து அவற்றில் குடியேறியது. அடைப்பின் வேர் அங்கே இருக்கிறது.

மின்மோட்டார் வருவதற்கு முந்தைய பட்டறையில் மூன்று வகைக் கழிவு விழுந்தது: இழைப்புளி தள்ளும் சீவல், ரம்பம் உதிர்க்கும் தூள், கடைசி மெருகில் கிளம்பும் மாவு. அளவில் சீவல்தான் மலை, மாவு ஒரு சிட்டிகை. ஏனென்றால் அக்கால ஆசாரி தேய்த்து வழவழப்பாக்கியது குறைவு, சீவி வழவழப்பாக்கியதே அதிகம். இழைப்புளியின் வாய் கூராக இருந்தால் பலகை கண்ணாடி போல வரும். மிச்சமிருக்கும் சொரசொரப்பை உடைந்த கண்ணாடிச் சில்லால் சுரண்டுவார்கள். தேய்க்க வேண்டி வந்தால் அதற்கு இலை இருந்தது. மலாய் மரச் சிற்பிகளும் கிரிஸ் கத்திக்குப் பிடி செதுக்குபவர்களும் மெம்பெலாஸ் என்னும் கொடியின் சொரசொரத்த இலையைப் பயன்படுத்தினார்கள். தமிழ்நாட்டில் அதே வேலையைப் பராய் மரத்து இலை செய்தது. திருச்சிக்கு அருகே திருப்பராய்த்துறை என்று ஓர் ஊருக்கே பெயராகி, அங்குள்ள சிவன் கோயிலின் தலமரமாக நிற்கும் பராய் இதுதான். கண்ணாடித் தூள் ஒட்டிய தாளை லண்டனில் ஜான் ஓக்கி 1833ஆம் ஆண்டு தொழிலாகவே தொடங்கிவிட்டார் என்றாலும், நம் தச்சர்கள் உப்புத்தாள் என்று பெயரிட்டுக்கொண்ட அந்தச் சரக்கு கையால் தேய்க்கும்வரை மாவு சிட்டிகையளவில்தான் இருந்தது. ரம்பம் உதிர்த்த தூளும் இன்றைய தூசி போன்றதல்ல. படகுக்கான செங்ஙால் போன்ற கடுமரங்களைப் பெரும்பாலும் ஈரத்தோடுதான் அறுத்தார்கள். ஈரத் தூள் கனமானது. விழுந்த இடத்தில் கிடக்கும்.

கிடந்ததை யாரும் குப்பை என்று நினைக்கவுமில்லை. சீவல் அடுப்பெரித்தது, தூள் ஊதுபத்திக்குப் போனது. பினாங்கின் சீனக் கோயில்களில் புகையும் பத்திகளுக்கு மரத்தூள் அடிப்படைச் சரக்கு. தூள் பனிக்கட்டியையும் காத்தது. சென்னைக் கடற்கரையில் இன்று விவேகானந்தர் இல்லம் என்று அழைக்கப்படும் கட்டடம் 1842ஆம் ஆண்டு ஐஸ் வைப்பதற்காக எழுந்தது. பாஸ்டன் வணிகர் ஃபிரடெரிக் டியூடர் அனுப்பிய பனிக்கட்டி, வெப்பமண்டலக் கடல்களைக் கடந்து உருகாமல் அங்கே வந்து சேர்ந்ததற்குக் காரணம் கப்பலின் அடித்தளத்தில் கட்டிகளைச் சுற்றித் திணித்த மரத்தூள். அமெரிக்க அறுவை ஆலைகள் தலைவலியாகக் கருதிய தூளுக்கு அவர் ஒரு வேலை கொடுத்தார். தூசியைச் சேர்த்தவர்கள் அதை எரிக்கவோ விற்கவோ சேர்த்தார்கள் என்பதே இங்கு கவனிக்க வேண்டியது. மூச்சுக்கு நல்லது என்பதற்காகச் சேர்த்தவர் அபூர்வம். விலையுள்ளதைச் சேர்ப்பதும் விலையில்லாததை அப்படியே விடுவதும் தொழிலில் இயல்பு. மாவுக்கு விலை இல்லை. அதை அள்ள ஆளும் இல்லை.

நீராவியும் பிறகு மின்சாரமும் வந்தபோது இந்தக் கணக்கு மாறவில்லை, பெருகியது. ஜோர்ஜ்டவுனுக்கு 1904ஆம் ஆண்டு மின்சாரம் வந்தது. அதற்குள்ளாகவே மேற்கில் இழைப்பு இயந்திரங்கள் ஒரு நாளில் அறைகணக்கில் சீவலைக் கொட்டத் தொடங்கியிருந்தன. அதை அள்ளுவதற்கென்று பிறந்ததுதான் சுழற்காற்றுக் கூம்பு. சைக்ளோன் என்ற அந்தக் கருவிக்கு 1885ஆம் ஆண்டு ஜான் ஃபிஞ்ச் என்ற அமெரிக்கர் காப்புரிமை பெற்றார். காற்றைக் கூம்புக்குள் சுழலவிட்டால் கனமான துகள் சுவரில் மோதிக் கீழே இறங்கும், காற்று மேலே போய்விடும். கீழே இறங்கிய சீவல் நேராகக் கொதிகலன் வாய்க்கு எரிபொருளாகப் போகும். இதைவிடக் கெட்டிக்கார ஏற்பாடு ஒரு மர ஆலைக்குக் கிடைப்பது அரிது. ஆனால் கனம் இருந்தால்தான் இந்த வித்தை பலிக்கும். சுமார் 10 மைக்ரானுக்குக் கீழே உள்ள துகள், அதாவது தலைமுடித் தடிமனில் ஏழில் ஒரு பங்குக்கும் சிறியது, கூம்பின் சுவரில் மோதாமல் காற்றோடு போய்விடும். அந்தக் காலத்தில் அது யாருக்கும் நட்டமாகத் தெரியவில்லை. அதை எரித்து என்ன ஆகப்போகிறது? நுண்தூசியைத் துணிப்பையில் வடிகட்டும் முறையும் 1880களிலேயே ஜெர்மனியில் உருவானது. சின்னப் பட்டறைகளில் இன்று நாம் பார்ப்பது இந்த இரண்டின் ஏழை வாரிசு: ஒரு விசிறி, மேலே ஒரு துணிப்பை, கீழே ஒரு பிளாஸ்டிக் பை. அதன் குழாய் விட்டமும் விசிறியின் பலமும் பையின் பரப்பும் பெரும்பாலும் இழைப்பு மெஷினை மனதில் வைத்துத் தீர்மானிக்கப்பட்டவை.

இதே பைக்குத் தேய்ப்பு மெஷினைக் கட்டினால் என்ன ஆகும்? முதலில் எல்லாம் சரியாகத்தான் இருக்கும். மாவு துணியின் இழைகளுக்கு நடுவே புகுந்து படிந்து ஒரு மெல்லிய அடையாகும். வேடிக்கை என்னவென்றால், இந்த அடைதான் உண்மையான வடிகட்டி. புதுத் துணி நுண்தூசியைத் தாராளமாக வெளியே விடும், அடை படிந்த துணிதான் பிடித்து வைக்கும். ஆனால் அடை தடித்துக்கொண்டே போனால் காற்று நுழைய வழி குறையும். மரத்தூள் குழாயில் படியாமல் மிதந்து போக நொடிக்கு ஏறத்தாழ 20 மீட்டர் வேகக் காற்று வேண்டும். அடை தடித்து வேகம் அதற்குக் கீழே இறங்கியதும் தூள் குழாயின் அடிவயிற்றில் படுத்துவிடும். படுத்த தூள் குழாயைக் குறுக்கும். இழுவை இன்னும் விழும். வளைவுகளில் கட்டி நிற்கும். கடைசியில் மெஷின்காரர் பார்ப்பது குழாய் அடைப்பை, ஆனால் நோய் தொடங்கிய இடம் பை. குழாயைக் குத்தி எடுத்து மறுபடி மாட்டினால் சில மணி நேரத்தில் அதே கதை. வார்னிஷுக்கு முன்னால் பூசும் சீலரைத் தேய்த்தால் இன்னொன்றும் சேரும். சூட்டில் இளகிய சீலர்ப் பொடி உப்புத்தாளிலும் துணியிலும் பிசினாக ஒட்டிக்கொள்ளும், உதறினாலும் உதிராது. சீவல் இத்தனை சிக்கலையும் செய்வதில்லை. பெரிய சீவல் துணியைத் தொட்டுவிட்டுக் கீழே விழும், அவ்வளவுதான்.

மாவு சிட்டிகையிலிருந்து மூட்டையானதற்கு ஒரு காரணம் மெஷின். கையில் பிடிக்கும் பட்டைத் தேய்ப்பான் 1920களில் அமெரிக்காவில் வந்தது, அகலப் பட்டை மெஷின்கள் இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு பரவின. மலேசியாவைப் பொறுத்தவரை இன்னொரு காரணம் மரமே, அது தமிழர் கைபட்ட மரம். 1877ஆம் ஆண்டு சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்துக்கு வந்த 22 நாற்றுகளிலிருந்து பெருகிய ரப்பர் மரத்தைப் பால் வெட்டி வளர்த்தவர்களில் பெரும்பங்கு தமிழ்நாட்டிலிருந்து வந்த தோட்டத் தொழிலாளர்கள். 25, 30 ஆண்டுகள் பால் கொடுத்த மரம் வெட்டப்பட்டதும் போன இடம் அடுப்பு: ரப்பர்ப் பால் தகடுகளைப் புகையூட்டும் புகைக்கூடத்துக்கும், செங்கல் சூளைக்கும், கரிக்கும். வெட்டிய ஓரிரு நாளில் பூஞ்சை நீலம் பாய்ந்து வண்டு துளைக்கும் மரம் என்பதால் தச்சர்கள் அதைச் சீண்டவில்லை. போரான் உப்பில் அழுத்தி ஊறவைத்துச் சூளையில் உலர்த்தும் முறை கைவந்த பிறகு, 1970களின் இறுதியிலிருந்து அது தளவாட மரமாக உயர்ந்தது. இன்று மலேசியா ஏற்றுமதி செய்யும் மரத் தளவாடங்களில் பெரும்பகுதி அதுதான். ரப்பர் மரத்துண்டுகள் சிறியவை. பல துண்டுகளை விரல் கோத்தது போல ஒட்டித்தான் பலகையாக்க வேண்டும், ஒட்டிய பலகையைத் தேய்த்துத்தான் சமமாக்க வேண்டும். சீவல் காலத்துத் தச்சனுக்குக் கடைசி நிமிட வேலையாக இருந்த தேய்ப்பு இப்போது உற்பத்தியின் நடுவில் வந்து உட்கார்ந்துகொண்டது. மலேசிய புத்ரா பல்கலைக்கழக ஆய்வாளர் ஜெகதீஸ்வரன் ரத்னசிங்கமும் அவருடன் பணியாற்றியவர்களும் கடின மரங்களைத் தேய்க்கும்போது தூசி எப்படி உண்டாகிறது என்பதைத் தனி ஆய்வுப் பொருளாகவே எடுத்து அளந்திருக்கிறார்கள். தேய்ப்பு தனித் தொழிலாகிவிட்டதன் அடையாளம் அது.

இங்கே ஒரு மறுப்பு நியாயமாக எழும். பினாங்கின் காற்றே குற்றவாளி என்பார்கள். ஆண்டு முழுவதும் ஈரப்பதம் 80 விழுக்காட்டை ஒட்டி நிற்கும் கடலோரத்தில், சூளையில் உலர்ந்த மாவு ஈரத்தை உறிஞ்சிக் களியாகத் துணியில் அப்பிக்கொள்ளாதா? அப்பும், அதில் ஐயமில்லை. இரவு முழுக்க நிறுத்திவைத்த பை காலையில் உதறினால் உதிராமல் தோல் போல உரிவதற்கு அதுவே காரணம். ஆனால் ஈரம் அடைப்பை விரைவுபடுத்துகிறதே தவிர உண்டாக்குவதில்லை. அதே கடற்காற்றில், அதே பையில் இழைப்புச் சீவல் சிக்காமல் விழுகிறது. மறுபுறம் காற்று வறண்ட கனடாவிலும் நுண்தூசி கேடு விளைவித்தது, வேறு முகத்தோடு. பிரிட்டிஷ் கொலம்பியாவில் வண்டு அரித்துக் காய்ந்த பைன் மரங்களை அறுத்துக்கொண்டிருந்த 2 ஆலைகள் 2012ஆம் ஆண்டு ஜனவரியிலும் ஏப்ரலிலும் தூசி வெடித்துத் தகர்ந்தன, இரண்டிலும் இருவர் இருவராக மாண்டார்கள். பல தலைமுறை ஈரத்தூளோடு பழகிய தொழில், மரம் உலர்ந்தபோது தூசியும் வேறு பொருளாகிவிட்டதைக் கணக்கில் எடுக்கவில்லை. அங்கே வெடிப்பு, இங்கே அடைப்பு. இரண்டிலும் பழைய தூளுக்கான ஏற்பாட்டில் புதிய தூள் வந்து நுழைந்திருக்கிறது.

அடுத்த மறுப்பு ஆளைப் பற்றியது: பையை உதறச் சொன்னால் உதறுவதில்லை, முகக்கவசம் கொடுத்தால் கழுத்தில் தொங்குகிறது. இதற்கு இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகரத்துக் கதை சரியான பதில். கத்தி சாணை பிடித்தவர்களின் நுரையீரல் நோய்க்கு மருந்தாக ஜான் ஆபிரகாம் என்பவர் 1820களில் காந்தம் வைத்த கருவி ஒன்றைக் கொடுத்தார், பிறகு தூசியை இழுக்கும் விசிறியும் வந்தது. தொழிலாளர்களில் பலர் அவற்றைப் பயன்படுத்தவில்லை. ஆயுள் நீண்டால் ஆட்கள் பெருகிக் கூலி இறங்கும் என்ற அச்சம் அதில் கலந்திருந்தது. அந்நகர மருத்துவர் ஒருவர், குடித்துவிட்டு வேலைக்கு மட்டம் போடும் சாணைக்காரன்தான் அதிக நாள் உயிரோடிருக்கிறான் என்று எழுதிவைத்தார். தூசி குடிப்பதைவிடச் சாராயம் குடிப்பது மேலாகிவிட்ட ஊர். நல்லுபதேசத்தால் அங்கே எதுவும் நகரவில்லை. 1867ஆம் ஆண்டுச் சட்டம் விசிறி வைக்கச் சொல்லும் அதிகாரத்தை ஆய்வாளர் கையில் கொடுத்த பிறகுதான் பொறுப்பு சாணைக்காரனிடமிருந்து முதலாளிக்கு இடம் மாறத் தொடங்கியது. பையை உதறும் ஆளை நாம் இன்று பழிக்கும்போது 1867க்கு முந்தைய ஷெஃபீல்டில்தான் நிற்கிறோம். உதறுகிறவர் அந்தப் பட்டறையிலேயே மிக அதிகமாக மாவைச் சுவாசிப்பவர் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், அவருடைய தயக்கம் அறிவுள்ள தயக்கமாகவே படுகிறது.

மூச்சைப் பற்றிய சான்று தாமதமாகத்தான் வந்தது. இங்கிலாந்தில் நாற்காலிக்குப் பேர்போன ஹை விக்கம் பகுதியில், காது மூக்கு தொண்டை மருத்துவர் எஸ்மி ஹாட்ஃபீல்ட், அபூர்வமான ஒரு மூக்குப் புற்றுநோய் தளவாடத் தொழிலாளர்களிடம் திரும்பத் திரும்ப வருவதைக் கவனித்தார். அவரும் டொனால்ட் அச்சிசனும் பிறரும் சேர்ந்து 1960களின் இறுதியில் அதை எண்ணிக்கையோடு நிறுவினார்கள். பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை மரத்தூசியை முதல் வகைப் புற்றுக்காரணியாக 1995ஆம் ஆண்டு அறிவித்தது. மலேசியாவில் 2000ஆம் ஆண்டு விதிகள் பீச், ஓக் போன்ற சில கடின மரங்களின் தூசிக்கு ஒரு கன மீட்டர் காற்றில் 1 மில்லிகிராம் என்றும், மென்மரத் தூசிக்கு 5 மில்லிகிராம் என்றும் வரம்பு வைத்தன. ஹை விக்கம் பட்டறைகளில் சீவலை இழுக்கும் குழாய்கள் இல்லாமல் இல்லை. சில்லும் சீவலும் கண்ணுக்கு முன்னால் கூம்புக்குள் போயின, தரை துடைத்தது போல இருந்தது, மாவு மூக்கில் தங்கியது. தரை சுத்தமாக இருப்பதை வைத்து உறிஞ்சியை மதிப்பிடும் பழக்கம் சீவல் காலத்தின் சொத்து. 1 மில்லிகிராம் தூசி கலந்த காற்று கண்ணுக்குப் பெரும்பாலும் வெறும் காற்றுதான்.

இனி உண்மையிலேயே கனமான மறுப்பு: காசு. பைக்குள் அழுத்தக் காற்றை நொடிப்பொழுது பாய்ச்சித் தானாக உதறிக்கொள்ளும் வடிகட்டி 1950களிலிருந்தே இருக்கிறது. பெரிய ஏற்றுமதி ஆலைக்கு அது கட்டுப்படியாகும், நாலு பேர் வேலை செய்யும் பட்டறைக்கு எப்படி? முழுதாகக் கட்டுப்படியாகாது, ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் வரலாறு காட்டும் காரணம் சரியென்றால் மாற்றம் தொடங்கும் இடம் மலிவானது. தேய்ப்பு மெஷினை இழைப்பு மெஷினின் குழாயிலிருந்து பிரித்து, அதற்கென்று பரப்பு அதிகமுள்ள பை ஒன்றைக் கொடுப்பது. பைக்கு முன்னால் ஒரு சிறு கூம்பு வைத்துக் கரடான தூளை அங்கேயே இறக்கிவிடுவது. நெளிவுக் குழாயைக் குறைத்து வளைவுகளை அகலமாக்குவது. சீலர்ப் பொடியை மரமாவோடு கலக்கவிடாமல் வைப்பது. பைக்கு முன்னும் பின்னும் காற்றழுத்தம் எவ்வளவு வேறுபடுகிறது என்று காட்டும் நீர்க்குழாய் அளவி ஒன்றையும் இந்தப் பட்டியலில் முதலில் வைக்கலாம். வளைந்த கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் நிறத் தண்ணீர், அவ்வளவே. தண்ணீர் குறித்த கோட்டைத் தாண்டியதும் உதற வேண்டும். அதற்கு முன்னால் உதறினால் வடிகட்டும் அடை வீணாகிறது, பின்னால் உதறினால் குழாய் அடைக்கிறது. எப்போது உதறுவது என்பது ஆளின் குணத்தையோ மேஸ்திரியின் கோபத்தையோ விட்டு அப்போதுதான் தண்ணீரின் கையில் போகும்.

சேர்த்த மாவை என்ன செய்வது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது, ஏனென்றால் அதற்கு இன்னும் வாங்குபவர் இல்லை. ரப்பர் மரத்தூளுக்கு மலேசியாவில் இன்று நல்ல கிராக்கி. காளான் வளர்ப்பவர்கள் அதை மூட்டை மூட்டையாக வாங்கித் தவிட்டோடு கலந்து பிளாஸ்டிக் பையில் அடைத்து வித்து இடுகிறார்கள். ஆனால் அவர்கள் கேட்பது ரம்பத் தூள். தேய்ப்பு மாவைக் கொண்டுபோனால் முகம் சுளிப்பார்கள்: அதில் சீலரும் உப்புத்தாள் மணலும் கலந்திருக்கும், அதைவிட, பொடி மிக நுண்ணியது என்பதால் காளான் பைக்குள்ளும் இறுகி, வேர் விட வேண்டிய பூஞ்சைக்குக் காற்றுப் போகவிடாமல் அடைத்துக்கொள்ளும்.